கார்த்தகேனாவுக்கு எந்த ரெயில்?

சிவமயம்

ரொறொன்ரோ
17.01.1988

அன்புள்ள தம்பி சிவபாதம் அறிவது,

நானும் இவரும் இந்தக் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஒருவாறு சுகமாக இருக்கிறோம். வலென்சியாவில் உமக்கு வெயிலாவது இருக்கும். நெஞ்சுச்சளி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர். இப்போது எப்படி?

எனக்கும் இவருக்கும் கனடாப் பாஸ்போட் வந்துவிட்டது. படத்தில் நான் பிடிபட்ட கள்ளி மாதிரி இருக்கிறேன், அது போகட்டும். இனி ஒருவரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை. சச்சியைத் தேடி நான் ஸ்பெயினுக்கு வரப்போகிறேன்.

நீரும் என் தம்பி சச்சியும் ஒரே கப்பலில் ஏறிப் போனவர்கள். எண்பத்திமூன்றில் பில்பாவோவில் இறங்கினான், பிறகு துறைமுகம் துறைமுகமாக வேலை தேடிப் போனான் என்று நீர் எழுதியதுதான் அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த கடைசிச் சேதி. ஆகவே நானும் துறைமுகம் துறைமுகமாகவே வருகிறேன். பில்பாவோவில் தொடங்கி மேற்கே வீகோ, தெற்கே காடிஸ், பிறகு கிழக்குக் கரையால் ஏறி வலென்சியா, பார்சலோனா. காருக்கு எங்களிடம் வக்கில்லை. ரெயிலும் பஸ்ஸுமாகத்தான் வரவேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எது ஓடுகிறது என்று விவரமாக எழுதும்.

நேர்சிங் ஹோமில் துணி தோய்த்து முதுகு முறிகிறது. இரண்டு வருடமாக லீவு எடுக்காமல் நாலு கிழமை சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மா நெல்லியடியிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பது ஒன்றுதான், தம்பியைக் கண்டியோ என்று. கனடாவும் ஸ்பெயினும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்று நினைக்கிறா பாவம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

அன்புடன்
குணவதி அக்கா

*

வலென்சியா
21.02.1988

அன்பு மிகுந்த அக்காவுக்கு,

சளி விட்டுவிட்டது, கை மட்டும் வெடித்துக் கிடக்கிறது. சாப்பாட்டுக்கடையில் சட்டி கழுவுகிறவனுக்கு வேறென்ன. நீங்களும் அண்ணையும் சுகம் என்று அறிந்தது ஆறுதல்.

பாஸ்போட் கிடைத்தது மிகவும் சந்தோசம். நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். இங்கே ரெயிலை நம்பி ஏறலாம், நேரத்தை நம்ப ஏலாது. ரெயில்காரர் ஒரு கலண்டர் அடித்திருக்கிறார்கள், அதில் நீலம் பூசிய நாட்களில் ரிக்கற் மலிவு. சனம் ஊருக்குப் போய்வருகிற நாட்களில் நீலம் இராது. பில்பாவோவிலிருந்து மேற்கே போவது ஒடுங்கிய பாதை ரெயில். கரையோரத்தில் மேய்கிற ஒவ்வொரு மாட்டையும் சுகம் விசாரித்துக்கொண்டுதான் போகும். மாலகாவுக்கும் அல்மேரியாவுக்கும் இடையில் நேரே ரெயில் இல்லை, பஸ். மலையை வளைந்து வளைந்து போவதால் உங்களுக்குக் குமட்டிச் சத்தி வரும், மணக்கத் தேசிக்காய் வைத்திருங்கோ. மத்தியானத்தில் கடைகள் பூட்டு, பின்னேரம்தான் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் மரக்கறி அல்லவா? சலாட் என்று கேட்டாலும் மேலே ரியூனா மீனைப் போட்டுத்தான் தருவார்கள். முதலே வேண்டாமென்று சொல்லவேண்டும்.

வலென்சியாவிலிருந்து பார்சலோனாவுக்கு நல்ல ரெயில் இருக்கிறது.

ஆனால் அக்கா, அவசரப்பட வேண்டாம். இது பெரிய நாடு. யூலை, ஓகஸ்ற்றில் வெயில் தாங்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு மழை. அடுத்த வருடம் ஆறுதலாக யோசிக்கலாம். இவ்வளவு செலவழித்து வந்து மனம் நொந்து திரும்பக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அண்ணையை விசாரித்ததாகச் சொல்லுங்கோ.

இப்படிக்கு
சிவபாதம்

*

ரொறொன்ரோ
13.03.1988

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். லிஃப்ற் வேலை செய்யாமல் மாடிப்படி ஏறி இறங்கியதில் முழங்கால் மட்டும் சுகமில்லை. இந்தச் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீடுகளில் இது வழக்கம்.

உமது கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்க வேண்டாம். லைபிரரியில் ஸ்பெயின் வரைபடத்தைப் பிரதி எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் ஒட்டிவிட்டேன். இவர் இப்போது கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார். என்னோடு வேலை செய்கிற மக்டலீன் மன்னார்ப் பிள்ளை, காணாமற்போனதைத் தேடித் தருவாராம் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறா. நான் பிள்ளையாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு பேரில் ஒருவராவது வேலை செய்யட்டும்.

வெயில், மழை என்று எனக்குச் சாட்டுச் சொல்ல வேண்டாம். பனியில் பஸ்ஸுக்கு நின்று பழகின கட்டை இது. இன்னும் ஒரு வருடம் பொறுக்க அம்மாவுக்கு உடம்பில் பலமில்லை.

அவனைக் கண்டவுடன் என்ன செய்வேன் தெரியுமா? முதலில் கன்னத்தில் ஒன்று போடுவேன். ஐந்து வருடமாக ஒரு வரி எழுத ஏலாமல் போச்சோ என்று கேட்பேன். அழுகிறதெல்லாம் அதற்குப் பிறகு. கலியாணம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை. எந்த நாட்டுக்காரி என்றாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அப்படி ஏதாவது உமக்குத் தெரிந்து என்னிடம் மறைக்கிறீர் என்றால் மறைக்கத் தேவையில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அல்மேரியாவுக்கும் வலென்சியாவுக்கும் நடுவில் கார்த்தகேனா என்று ஒரு பெரிய துறைமுகம் இருக்கிறதே? எல்லா ஊரையும் எழுதிய நீர் அதை மட்டும் விட்டுவிட்டீர். அங்கே எப்படிப் போவது?

கைக்கு நல்லெண்ணெய் பூசும்.

அக்கா

*

வலென்சியா
30.04.1988

அன்பு அக்காவுக்கு,

பிந்தி எழுதுகிறேன், மன்னிக்கவும். இங்கே திருநாள் காலம், கடையில் நிமிர நேரமில்லை. உங்கள் முழங்காலுக்கு மருந்து எடுத்தீர்களா?

கார்த்தகேனா கடற்படைக்காரரின் ஊர். எங்கள் ஆட்களுக்கு அங்கே வேலை இல்லை. அல்மேரியாவிலிருந்து முர்சியாவுக்கு பஸ் எடுத்து, அங்கிருந்து நேரே வலென்சியாவுக்கு வரலாம். வீணாக அலையத் தேவையில்லை.

மற்றும்படி எழுத விசேடமில்லை.

சிவபாதம்

*

வலென்சியா
01.05.1988

மதிப்புக்குரிய நவரட்ணம் அண்ணைக்கு,

நீங்கள் நலமாக இருக்கவேண்டும். உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். அக்கா பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து பிறகு வாசியுங்கோ.

சச்சி இல்லை அண்ணை. எண்பத்திமூன்று ஐப்பசியில் கார்த்தகேனாவில் இறந்துபோனான். நாங்கள் இருவரும் அங்கே வள்ளங்களுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தோம். காய்ச்சல் வந்தது, பிறகு கண் மஞ்சளாகியது. கையில் பேப்பர் இல்லாதபடியால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றான். நானும் பயந்தேன். நினைவு தப்பின பிறகுதான் தூக்கிக்கொண்டு போனேன். அவர்கள் ஒன்றும் கேட்காமல்தான் மருந்து கொடுத்தார்கள். பிந்திவிட்டது.

அந்த ஊரில் எரிக்க இடமில்லை. இங்கே சுடலையில் சுவர் எழுப்பி, அதில் வரிசை வரிசையாகப் பொந்து விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பொந்துக்குள்ளும் ஒருவரை வைத்துச் சீமெந்தால் மூடுவார்கள். அவனையும் அப்படித்தான் வைத்தார்கள். எனக்குத் தெரிந்த தேவாரத்தை அரைவாசி பாடினேன், மிச்சம் வரவில்லை.

சாவீட்டுச் செய்தியை ஒரு பெண்பிள்ளைக்குக் கடிதத்தில் எழுதுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஓர் ஆம்பிளை நேரே போய் இருந்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, மெல்லச் சொல்லவேண்டும். அதனால் வெள்ளவத்தையில் இருந்த இராசதுரை மாமாவுக்கு எழுதி, நெல்லியடிக்குப் போய்ச் சொல்லும்படி கேட்டேன். அந்த ஆடிக் கலவரத்தோடு அவர் வீடு பூட்டிக் கிடந்ததாம். கடிதம் திரும்பி வந்தது. அதற்குள் அக்கா என் விலாசம் தேடிப் பிடித்து, தம்பி எங்கே என்று எழுதினா. பில்பாவோவில் இறங்கி வேலை தேடிப் போனான் என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் அதையே காப்பாற்ற வேண்டியதாயிற்று.

அந்தப் பொந்து ஐந்து வருடத்துக்குத்தான். இந்த ஐப்பசியோடு தவணை முடிகிறது. உரித்துக்காரர் வந்து கையெழுத்து வைத்து எடுக்காவிட்டால், எலும்பைப் பொதுக் குழியில் போட்டுவிடுவார்கள். நான் உரித்துக்காரன் இல்லையாம். மத்ரித்தில் எரிக்கிற இடம் இருக்கிறது. இப்போதாவது அவனுக்கு நெருப்பு வைக்கலாம்.

நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிற ஆம்பிளை. நீங்கள் சொல்லுங்கோ அண்ணை.

சிவபாதம்

*

ரொறொன்ரோ
12.06.1988

தம்பி சிவபாதத்துக்கு,

நான் சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன்.

உமது கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. கார் தரிப்பிடத்தில் நான் காசு வாங்குகிற கூட்டுக்குள் இருந்து வாசித்தேன். ஒருவன் காசை நீட்டியபடி கத்தினான். எனக்கு விளங்கவில்லை.

சொல்லத்தான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்தான் எனக்கு வேலை என்ற நாளாகப் பார்த்து முன்னால் போய் இருந்தேன். குணவதி வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தா. தலை நிமிராமல், “வீகோவில இல்லையெண்டால் காடிஸில இருப்பான், என்னப்பா?” என்றா. நான் ஓம் என்றேன். எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. அதைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

உமக்கு இந்த வீட்டு நிலைமை தெரியாது. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அவ வேலையால் வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவா. பிள்ளையும் இல்லை, பேச்சும் இல்லை. இந்தப் பயணம் தொடங்கிய பிறகுதான் சமைக்கிறா, என்னைப் பகிடி பண்ணுகிறா, போன கிழமை ஒரு பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டேன். அதை என் வாயாலே அணைக்க எனக்குத் தெம்பில்லை. ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவன் நான். இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

புரட்டாதியில் வரட்டும். நானும் கூட வருகிறேன். அங்கே வைத்து நீர் சொல்லும். நீர்தானே பார்த்தவர்.

நவரட்ணம்

*

ரொறொன்ரோ
26.06.1988

அன்புள்ள தம்பிக்கு,

வெயில் வந்துவிட்டது, முழங்கால் வழிக்கு வந்துவிட்டது, நாங்கள் சுகம்.

ரிக்கற் எடுத்தாயிற்று! செப்ரெம்பர் நடுவில் மத்ரித்தில் வந்து இறங்குகிறோம். இறங்குகிறோம் என்று எழுதியதைப் பார்த்தீரா? இவரும் வருகிறார். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனிசன், நான் கேட்காமலே போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆளே ஒரு மாதிரி. நான் வரைபடத்தோடு இருந்தால் கதவடியில் வந்து நிற்கிறார், ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார், பிறகு தேத்தண்ணி இருக்கோ என்று கேட்கிறார். உமது முத்திரை ஒட்டி இவர் பேருக்கும் ஒரு கடிதம் வந்ததாமே? கேட்டால் ரெயில் விசயம் என்கிறார். ரெயில் விசயத்தை ஆம்பிளையளுக்குத்தான் எழுதவேண்டுமோ?

வீகோவில் தங்க மலிவான இடம் எழுதும். சுத்தமாக இருந்தால் போதும். காடிஸில் ரெயிலடியிலிருந்து துறைமுகத்துக்கு நடக்கலாமா, பஸ் எடுக்க வேண்டுமா? சச்சியின் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்சப் பிரதி எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் கடைகளில் கொடுக்கலாம். படத்தின் கீழே எழுத, ‘இந்தப் பிள்ளையைக் கண்டீர்களா’ என்பதை அந்தப் பாசையில் எழுதி அனுப்பும்.

அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். தம்பியைப் பார்க்கப் போகிறோம் என்று.

கெதியாகப் பதில் போடும்.

அக்கா

*

வலென்சியா
18.07.1988

அண்ணைக்கு,

அந்தப் பாரத்தைத் திரும்ப என்னிடமே தள்ளாதேயுங்கோ. அக்காவின் கடிதம் வந்தது. படத்துக்குக் கீழே எழுத ஒரு வசனம் கேட்டிருக்கிறா. அதை எழுத இருந்தேன், கை ஓடவில்லை. பதில் போடவில்லை, போடவும் மாட்டேன். விமானத்தால் இறங்கி, தம்பி எந்த ரெயில் என்று அக்கா கேட்டால், நான் எந்த ரெயிலைக் காட்டுவேன்? நாலு கிழமையும் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு திரிவதா?

வாறதுக்கு முந்திச் சொல்லுங்கோ. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சிவபாதம்

*

ரொறொன்ரோ
14.08.1988

சிவபாதத்துக்கு,

இங்கே ஒருவருக்கும் சுகமில்லை. உமக்கும் இராது.

போன ஞாயிறு இவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அடுப்படிப் பக்கம் தானாக வராத மனிசன்.

“சச்சி கார்த்தகேனாவில இருக்கிறான்” என்றார்.

எனக்கு அந்த ஒரு கணம் வந்த சந்தோசம் இருக்கிறதே, தம்பி, அதற்காகவே உங்கள் இரண்டு பேரையும் நான் மன்னிக்கமாட்டேன். எழும்பிவிட்டேன். வேலை செய்கிறானோ, ஆர் கண்டது, சுகமாக இருக்கிறானோ என்று கேட்டபடியே நிற்கிறேன். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எண்பத்திமூண்டிலயே முடிஞ்சுது குணம்” என்றார்.

அதற்குப் பிறகுதான் உமது கடிதத்தைத் தந்தார். வாசித்தேன். எழும்பி வேலைக்குப் போனேன். துணி மெசின் ஓடுகிற சத்தத்தில் எவ்வளவு கத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது. மக்டலீனுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. வந்து பிடித்துக்கொண்டா.

நீர் எழுதிய ரெயில்களில் எல்லாம் நான் ஏறி இறங்கிவிட்டேன். ஒவ்வோர் ஊரிலும் அவனைக் கண்டுவிட்டேன். வீகோவில் மீன் பெட்டி தூக்கிக்கொண்டு நின்றான். காடிஸில் தாடி வளர்த்திருந்தான். ஏழு மாதம் அப்படி நடக்க விட்டீர். பொம்பிளைக்குக் கடிதத்தில் எழுதக்கூடாதாம். பொய்யை மட்டும் பொம்பிளைக்கு எழுதலாமோ? எனக்கு உம்மிலே பற்றி எரிகிறது. ஆனால் அவன் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவர் நீர். நான் இல்லை. தெரிந்த அரைத் தேவாரத்தைப் பாடியவரும் நீர். அதற்காகக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இரண்டும் உண்மை.

இனி வீகோ வேண்டாம், காடிஸும் வேண்டாம். குறித்த நாளிலே வருகிறோம். கையெழுத்து வைக்க நான் இருக்கிறேன், கொள்ளி வைக்க அவனுடைய அத்தான் இருக்கிறார். அவனுடைய எலும்பு வைக்கிற பெட்டியை ரெயிலில் கையோடு கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டு வையும். சவக் காருக்குள் தனியாகப் போட்டு அனுப்பமாட்டேன்.

மத்ரித்திலிருந்து கார்த்தகேனாவுக்கு எந்த ரெயில்? அதை மட்டும் எழுதும்.

இராத்திரியெல்லாம் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். நெல்லியடிக்குப் போய், பக்கத்தில் இருந்து, தண்ணீர் கொடுத்துச் சொல்ல இப்போது எங்களுக்கு அங்கே ஒருவரும் இல்லை.

குணவதி

*

சிவமயம்

வலென்சியா, ஸ்பெயின்
09.10.1988

என் அன்பான அம்மாவுக்கு,

நானும் இவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் காலில் வீக்கம் வற்றிவிட்டதா? ஆமிக்காரர் தெருவில் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தனியாக வெளியே போகவேண்டாம்.

அம்மா, தம்பியைக் கண்டோம்.

கார்த்தகேனா என்று கடலோரம் ஓர் ஊர், அங்கேதான் இருந்தான். வெள்ளைச் சுவர்கள், நிறைய வெயில், எங்கே பார்த்தாலும் பூ வைத்திருக்கிறார்கள். சிவபாதமும் வந்தார், நல்ல பிள்ளை. தம்பியைத் தன் உடன்பிறப்பு மாதிரித்தான் பார்த்திருக்கிறார். தம்பி நன்றாக மெலிந்துபோனான். நீங்கள் தூக்கி வளர்த்த சச்சியா இது என்றிருந்தது. ஏசவேண்டுமென்றுதான் போனேன், ஏச வாய் வரவில்லை. நீங்கள் அனுப்பின திருநீற்றை நெற்றியில் வைத்துவிட்டேன்.

அவனையும் கூட்டிக்கொண்டு ரெயிலில் மத்ரித்துக்குப் போனோம். நாள் முழுக்க ஓடுகிற ரெயில். வழி நெடுக என் மடியிலேயே கிடந்தான், சின்ன வயதில் சந்நிதிக் கோயிலுக்குப் போகும்போது கிடப்பானே, அதுமாதிரி. மத்ரித்தில் அவனுக்குச் செய்யவேண்டியது எல்லாவற்றையும் அத்தான் முறையாக நின்று செய்தார். பிறகு ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தோம். பில்பாவோவில் நல்ல மழை. வீகோவில் மீன் மலிவு, தம்பிக்கு நான் சொதி வைத்துக் கொடுத்தேன். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். காடிஸில் மூன்று பக்கமும் கடல். கடலைக் கண்டால் அவன் நிற்பானா? நேற்று இங்கே வலென்சியாக் கடலிலும் இறங்கினான். நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

கலியாணப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு பார்ப்போம். அவனுக்கு இங்கேதான் வேலை, எங்களோடு கனடாவுக்கு வர ஏலாதாம். நாளைக்கு நாங்கள் இருவரும் திரும்புகிறோம்.

நீங்கள் இனி நிம்மதியாகச் சாப்பிடுங்கோ, மருந்தை ஒழுங்காகக் குடியுங்கோ. கடிதம் போடுகிறானில்லை என்று அவனைக் கோபிக்க வேண்டாம். எழுதப் பஞ்சி பிடித்தவன் என்று உங்களுக்குத் தெரியும்தானே. இனி அவனுடைய சுகத்தையும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மகள்
குணவதி